மழைக்கு ஒரு மதிப்பெண்

எங்கள் பக்கத்து உயிரியல் ஆசிரியர்கள் யாரும் பரிணாமக் கொள்கையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எதிர்த்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர்கள் அதைச் சாய்ஸில் விட்டார்கள், அவ்வளவுதான்.

சாய்ஸில் விடுவது என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வினாத்தாளில் பெரிய கேள்விகள் 'இது அல்லது அது' என்று ஜோடியாக வரும். எந்தப் பாடத்தோடு எந்தப் பாடம் ஜோடி சேரும் என்பதும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். எங்கள் விலங்கியலில் மரபியலும் பரிணாமமும் ஜோடி. மரபியலில் கட்டம் போட்டு விடையை வரவழைத்துவிடலாம், முழு மதிப்பெண் விழும். பரிணாமத்துக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதனால் பள்ளி திறந்த கையோடு ஆசிரியர் வகுப்பில் வந்து நின்று, "கடைசிப் பாடம் வேண்டாங்கண்ணு, அதைச் சாய்ஸ்ல உட்டுரலாம்" என்று அறிவிப்பார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். வெளிநாட்டில் எங்கேயோ இந்தப் பாடத்துக்காக நீதிமன்றம் வரை போனார்களாம். நாங்கள் அதைக் கைதட்டி வழியனுப்பி வைத்தோம்.

நான் அப்போது கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஜன்னலைச் சாத்தினாலும் தறிச் சத்தம் கேட்கும் வகுப்பறை. தொண்ணூறுகளின் நடுவில் உயிரினப் பன்மை என்ற பாடம் புதிதாகப் புத்தகத்தில் நுழைந்திருந்தது. எத்தனை வகைப் பறவை, எத்தனை வகைத் தவளை, எங்கே அதிகம், அவற்றை ஏன் காக்க வேண்டும் என்று அதில் எல்லாம் இருந்தது. இத்தனை வகை எப்படி வந்தது என்பது மட்டும் இல்லை. அதற்குப் பதில் கடைசிப் பாடத்தில் கிடந்தது. கடைசிப் பாடமோ சாய்ஸில் கிடந்தது. ஒருவரைக் கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போய், வந்திருக்கும் அத்தனை பேருடைய பெயரையும் ஒப்பித்துவிட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்பதைச் சொல்லாமலே பந்திக்கு அனுப்பிவைக்கிற காரியம் அது.

நான் இரண்டு பாடத்தையும் சேர்த்தே நடத்தினேன். முதலில் பரிணாமம், அதன் பிறகு பன்மை. "அது உங்க சவுரியமுங்க டீச்சர், போர்ஷன் முடிஞ்சாச் சரி" என்று எங்கள் தலைமையாசிரியர் ஒதுங்கிக்கொண்டார். அந்த மட்டில் அவர் தங்கமான மனிதர்.

நான் சொல்ல வந்தது ஒரு ஏப்ரல் மாதம் கோயமுத்தூரில் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாமைப் பற்றி. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு முதன்மைத் தேர்வாளர், அவருக்குக் கீழே திருத்துகிறவர்களாக நாங்கள் சில பேர். தாள்கள் வேறு ஏதோ மாவட்டத்திலிருந்து வந்திருக்கும். பெயரும் பதிவெண்ணும் போய், மேலே ஒரு பொய் எண் மட்டும் இருக்கும். எழுதிய பிள்ளை யார், எந்த ஊர் என்று திருத்துகிறவருக்குத் தெரியவே கூடாது.

எங்கள் மேசையின் முதன்மைத் தேர்வாளர் காரமடைப் பக்கத்துக்காரர். சர்வீஸில் மூத்தவர், அதிர்ந்து பேசாத மனிதர், கோபித்துக்கொள்ளும்போதும் 'ங்க' போடாமல் இருக்க மாட்டார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவிநாசியிலிருந்து வந்த ஓர் ஆசிரியை. போய் உட்கார்ந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி விசாரணை ஆரம்பமானது.

"ஊரு எதுங்க? உங்க ஊட்டுல என்ன கூட்டமுங்க?"

கூட்டம் என்று முதன்மைத் தேர்வாளர் கேட்டது குலப் பிரிவை. அவிநாசி ஆசிரியை சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம பங்காளிதானுங்களா" என்றார். இவர்கள் முன்னோர் காங்கேயத்துப் பக்கம் ஒரே ஊரில் இருந்தார்களாம். ஒரு பஞ்சத்தில் அண்ணன் தம்பிகள் பிரிந்து, ஒரு பிரிவு ஆற்றுக்கு இக்கரையிலும் இன்னொன்று அக்கரையிலும் தங்கிவிட்டதாம். நாள்பட நாள்பட இரண்டு பிரிவுக்கும் சீர் முறை வேறாகிவிட்டதாம். ஆனாலும் குலதெய்வம் ஒன்றுதான் என்பதால், பெண் கொடுத்து எடுக்க முடியாதாம். ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் எத்தனையோ தலைமுறைக் கதையை அவர் சொல்லி முடித்தார். அடுத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"எங்க ஊட்டுல தெலுங்கு பேசுவோமுங்க" என்றேன்.

"செரி செரி, அப்ப வேறங்க" என்று அன்பாகச் சொல்லி, அத்தோடு என்னை விட்டுவிட்டார்.

முதல் நாள் திருத்தம் கிடையாது. விடைக்குறிப்பைப் பற்றிப் பேச்சு. கீ என்றுதான் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிரினப் பன்மை மிகுந்திருக்கக் காரணங்கள் யாவை என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று இருந்தது. கீயில் ஐந்து காரணம் போட்டிருந்தது. மிகுந்த மழை, வெப்பமும் ஈரப்பதமும், உயர வேறுபாடு, அடர்ந்த காடு, மனித நடமாட்டக் குறைவு. ஒன்றுக்கு ஒரு மதிப்பெண்.

நான் எழுந்தேன். "இதெல்லாம் உயிர்கள் பிழைச்சுக் கெடக்கறதுக்குக் காரணமுங்க. இத்தனை வகையாப் பிரிஞ்சதுக்குக் காரணம் எங்கீங்க? யாராச்சும் பரிணாமத்தை வெச்சுப் பதில் எழுதியிருந்தா அதுக்கும் மார்க்குக் குடுக்கோணும்னு கீ-ல சேத்துங்க" என்றேன்.

மண்டபத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சாப்பாட்டுக்கு விடுகிற நேரத்தில் கேள்வி கேட்கும் மாணவியைப் பார்ப்பார்களே, அது. அதற்குப் பிறகு ஆளுக்கொரு கருத்தாக வந்தது. நம் உயிரியல் ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

பின்வரிசையில் ஒருவர், "பரிணாமம்னு வாயத் தொறந்தாலே பசங்க, அப்ப எங்க தாத்தன் கொரங்குங்களா சார்னு சிரிக்க ஆரம்பிச்சுருவானுங்க. கிளாஸை அடக்க முடியாதுங்க" என்றார். ஒரு பிள்ளை அப்படிக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லத்தானே ஐயா உமக்குச் சம்பளம் என்று கேட்க நாக்கு துடித்தது. இன்னொருவர் நெற்றி நிறையத் திருநீறோடு, "எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. ஆனா மார்க்கு வருமுன்னா நடத்துவேன்" என்றார். நம்பிக்கை இல்லை என்று சொன்ன அந்த ஒருவர் மீதுதான் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை வந்தது. அவருக்கு ஒரு கட்சியாவது இருந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. "அந்தப் பாடம் வரதுக்குள்ள பிப்ரவரி ஆயிருதுங்க" என்றார் ஒருவர். "பன்மைக்கும் பரிணாமத்துக்கும் என்னுங்க சம்பந்தம், அது வேற யூனிட்டு, இது வேற யூனிட்டு" என்றார் ஓர் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. விலங்கியலில் முதுகலை படித்தவர்.

எங்கள் முதன்மைத் தேர்வாளர்தான் முடித்துவைத்தார். "வந்தாப் பாத்துக்கலாமுங்க. அப்படியெல்லாம் எந்தப் பையன் எழுதப்போறான்?"

எழுதியிருந்தது ஒரு பிள்ளை.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாள் என் விடைத்தாள் கட்டுக்குள் வந்தது. பையனா பெண்ணா தெரியாது. எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல் இருந்தது. எடுத்த உடனே நல்ல தாள் என்று தெரிந்துவிட்டது. பக்கங்களைத் தள்ளிக்கொண்டு வந்ததில் ஒரே ஓர் இடத்தில்தான் மதிப்பெண் குறைத்திருந்தேன். அந்தக் காலத்தில் மருத்துவக் கல்லூரி, கால்நடை மருத்துவம் என்று எதற்குப் போனாலும் அரை மதிப்பெண்ணில் வரிசை தள்ளிப்போய்விடும். இது அப்படி ஒரு வரிசைக்குப் போக வேண்டிய தாள். மலைக் கேள்விக்கு வந்தேன். அந்த விடை இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

'மேற்குத் தொடர்ச்சி மலையில் பல வகை உயிர்கள் இருப்பதற்கு மழை அதிகம் என்பது காரணம் அல்ல. மழை மட்டும் என்றால் எல்லா இடத்திலும் ஒரே வகைதானே வளர்ந்திருக்கும். பாலக்காட்டில் மலை விட்டுப்போயிருக்கிறது. அந்த இடம் தாழ்வாகவும் சூடாகவும் இருப்பதால் உயரத்தில் குளிரில் வாழும் பறவை அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை இரண்டு பக்கமும் பிரிந்து, தனித்தனியாகக் குஞ்சு பொரித்து, மெல்ல மெல்ல வேறாகிவிட்டன. நீலகிரியில் உள்ள சிரிப்பான் குருவிக்கு மார்பு செம்பழுப்பு நிறம். ஆனைமலையில் உள்ளதற்குச் சாம்பல் நிறம். இப்படிப் பிரிந்துதான் வகைகள் கூடின. ஒரு மலையில் அழிந்துபோனால் இன்னொரு மலையில் இருந்து கொண்டுவந்து வைத்துச் சரிசெய்ய முடியாது.'

படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கோயமுத்தூரில் பொழுது சாய்ந்தால் அடிக்கிற காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருக்கிறோம். எங்கோ ஒரு மாவட்டத்தில் இருக்கும் பிள்ளை எங்கள் கணவாயைப் பற்றி எங்களுக்குச் சொல்கிறது. அதுவும் ஏன் காக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒரே மூச்சில். புத்தகத்தில் இரண்டு யூனிட்டாக வெட்டிப் போட்டதை அந்தப் பிள்ளை ஒட்டிக் காட்டியிருந்தது. ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஆறு போட இடமிருந்தால் போட்டிருப்பேன்.

ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை முதன்மைத் தேர்வாளர் எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாளை எடுத்தார். புரட்டினார். நின்றார்.

"ஏனுங்க அம்மணி, இதுக்கு எப்படிங்க அஞ்சு?"

"படிச்சுப் பாருங்க."

படித்தார். நிதானமாகத்தான் படித்தார். முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்குது. சரியான பதில்தானுங்க. நானும் ஸூவாலஜிதானுங்களே. ஆனா கீ-ல இல்லியே."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் அதைத் தப்பு என்று சொல்லியிருந்தால் என் கோபம் அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். தெரியாத மனிதர் என்று விட்டிருப்பேன். சரி என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"வந்தாப் பாத்துக்கலாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றேன்.

"சித்தெ இருங்க, பாக்கத்தானுங்க பாக்கறேன்" என்று அவர் கீயைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேனா முனையால் வரிவரியாகத் தேட ஆரம்பித்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. முதல் வரியிலேயே முகம் தெளிந்தது. 'மழை' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டு ஓரத்தில் 'சரி' குறி போட்டார். "இதோ, மழை இருக்குதுங்க. ஒண்ணு."

"மழை காரணம் இல்லைன்னு எழுதியிருக்குதுங்க அந்தப் பிள்ளை."

"இருக்கட்டுமுங்க. பாயிண்டு வந்துருச்சல்ல?" 'உயரத்தில்' என்ற சொல்லுக்கு அடியிலும் ஒரு கோடு இழுத்தார். "இதா, உயரம். ரெண்டு."

அவிநாசி ஆசிரியைக்கும் அந்தப் பிள்ளை மீது இரக்கம் வந்துவிட்டது. எட்டிப் பார்த்து, "சூடுன்னு ஒண்ணு இருக்குதுங்களே, வெப்பத்துக்கு ஒண்ணு குடுத்துப்போடுங்களேன்" என்று சிபாரிசு செய்தார். அவர் கீயை மறுபடி பார்த்தார். "வெப்பமும் ஈரமும்னு சேத்திப் போட்டிருக்குதுங்க. ஈரத்தைக் காணோமே" என்று வருத்தத்தோடு மறுத்தார். மனதார வருத்தப்பட்டார். ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் தேடித் தருவதில் இரண்டு பேரும் எவ்வளவு பாடுபடுகிறோம் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் பிள்ளை எது காரணம் இல்லை என்று எழுதியதோ அதற்கு மதிப்பெண். எது காரணம் என்று எழுதியதோ அதற்கு முட்டை. இதை விடைத்தாள் திருத்துவது என்று சொல்வதா?

"முந்தாநேத்து இதே மேசையில நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். குரல் உயர்ந்தது எனக்கே தெரிந்தது. "ஒரே ஊருல இருந்த அண்ணன் தம்பி பிரிஞ்சு, ஆத்துக்கு அக்கரையில ஒண்ணும் இக்கரையில ஒண்ணும் தங்கி, சீர் முறையெல்லாம் மாறிப்போச்சுன்னீங்க. ஆனாலும் பங்காளின்னீங்க. அதைத்தானுங்க இந்தப் பிள்ளை குருவிக்கு எழுதியிருக்குது. உங்க கூட்டத்துக்குன்னா வாயில வருது, குருவிக்குன்னா கீ வேணுங்களா?"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் 'ங்க' குறையவில்லை. "அது நம்ம வழிமொறைங்க. இது பாடமுங்க. ரெண்டையும் கொழப்பாதீங்க."

பாடமுங்க! பாடம் என்றால் அது நம் வாழ்க்கையில் எங்கேயும் ஒட்டக் கூடாது என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியில் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணப் பேச்சு எடுத்தால் எத்தனை தலைமுறை பின்னால் போய், யார் எங்கே பிரிந்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஜாதகத்தையே தொடுவார்கள். பிரிந்தவர்கள் வேறாவார்கள், வேறானாலும் மூலம் ஒன்று என்பது இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சாதாரணப் பேச்சு. பரிணாமத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தோதான ஊர் எங்கே கிடைக்கும்? அந்த ஊரில்தான் அதைச் சாய்ஸில் விட்டோம்.

சத்தம் கேட்டு முகாம் அலுவலர் வந்தார். தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. "கீ-ய மீறி மார்க்குப் போட்டா நாளைக்கு மெமோ எனக்குத்தானுங்க வரும். சட்டுனு முடிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முதன்மைத் தேர்வாளர் என் ஐந்தை அடித்து, இரண்டு என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டார். பக்கத்தில் என்னையும் ஒப்பம் போடச் சொன்னார். முடியாது என்றேன். "வேண்டாமுன்னா உடுங்க" என்று அதையும் அவரே பார்த்துக்கொண்டார். மத்தியானத்துக்கு மேல் என்னைத் திருத்தும் வேலையிலிருந்து எடுத்து, கூட்டலைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். சாயந்திரம் டீ வந்தபோது அவரே ஒரு தம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "கோவிச்சுக்காதீங்க அம்மணி, எதுக்குங்க நமக்கு வம்பு" என்றார். நல்ல மனிதர்தான். இப்படிப்பட்ட நல்ல மனிதர்களால்தான் எனக்கு வாயடைத்துப் போகிறது.

அந்தக் கட்டும் கூட்டல் மேசைக்கு வந்தது. குண்டு எழுத்துத் தாளைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை எதுவும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. நான் கையெழுத்துப் போடக்கூட உட்காரவில்லை, "கீ கொண்டாந்தீங்களா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர். இல்லை என்றேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வேறு யாரோ கொண்டுவந்திருந்தார்கள். மலைக்கு ஐந்து காரணமும் ஜெராக்ஸ் ஆகி, எங்கள் பள்ளி மட்டுமல்ல, சுற்று வட்டாரம் முழுக்கப் பிள்ளைகள் கையில் இருந்தது. என் வகுப்பிலேயே ஒரு பெண் எழுந்து, "மழையும் ஒயரமும் எழுதுனா ரெண்டு மார்க்கு கண்டிப்பாக் கெடைக்குமுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். கண்டிப்பாகக் கிடைக்கும் என்றேன். அதற்கு நானே சாட்சி அல்லவா?

அந்தக் காலத்தில் விடைத்தாளைத் திரும்ப வாங்கிப் பார்க்க வழி கிடையாது. சந்தேகம் இருந்தால் பணம் கட்டி மறுகூட்டல் கேட்கலாம், கூட்டல் சரி என்று பதில் வரும். அந்தப் பிள்ளை கேட்டதோ இல்லையோ. எங்கே மதிப்பெண் போனது என்று யோசித்து யோசித்து, மலைக் கேள்வியில் சொந்தமாக எழுதப்போய்த்தான் கெட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கும். அதற்கு அந்தப் பாடத்தை அப்படி நடத்திய ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பார் இல்லையா? அந்த முகாமில் நான் தேடியும் கிடைக்காத ஆள் அவர். என் பிள்ளைக்கு என்னால்தான் போயிற்று என்று அவரும் நினைத்திருப்பார். அடுத்த ஜூனில் வகுப்பில் வந்து நின்று, அவரும் கடைசிப் பாடத்தைச் சாய்ஸில் விட்டிருப்பார். நாங்கள் அடித்தது மூன்று மதிப்பெண்ணை மட்டும் அல்ல.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நடுவயது ஆகியிருக்கும். டாக்டரானதோ, ஆக முடியாமல் போனதோ எனக்குத் தெரியாது. யார் என்றே தெரியாத ஒருவருக்குத் தகவல் சொல்ல இதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. நீ எழுதியது சரி. அது சரி என்று தெரிந்துதான் அடித்தார்கள்.